பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, விழித்திரை மருத்துவர் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 46. கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.4. போன மாதம் எங்கள் நிறுவனத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. சொட்டு மருந்து எதுவும் ஊற்றவில்லை. இருட்டறையில் உட்காரவைத்து ஒரு கேமராவில் இரண்டு கண்ணையும் படம் எடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டரே சீட்டு கொடுத்துவிட்டது. ‘வலது கண்ணில் சர்க்கரை நோயால் விழித்திரை பாதிப்பு. விழித்திரை மருத்துவரைப் பார்க்கவும்’ என்று இருந்தது. எனக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி போட்டால் பில்லில் இருக்கும் பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. ‘இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிற வேலை’ என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். கம்ப்யூட்டர் சொல்வதை நம்பலாமா? போனால் ஸ்கேன், ஆஞ்சியோகிராம் எல்லாம் எடுக்கச் சொல்வார்களாமே, தேவைதானா? படங்களை இணைத்திருக்கிறேன். குடும்பத்தாரையும் அழைத்து வரலாம் என்றதால் என் அம்மாவுக்கும் எடுத்தோம். அவருக்கு வயது 69, பதினெட்டு வருடச் சர்க்கரை. ‘படம் தெளிவில்லை’ என்று மட்டும் வந்தது. நோய் என்று வராததால் அவர் விஷயத்தில் நிம்மதி.

– கரூர் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்தக் கடைசி வரிதான். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது உங்கள் கண்ணைப் பற்றி. அதை முதலில் பேசிவிட்டு அம்மாவிடம் வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய வலது கண் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்களும் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறத்தில் வட்டமாகத் தெரிவது உங்கள் விழித்திரை. மூக்குப் பக்கமாக, வெளிர் மஞ்சளில் சின்னத் தட்டு போல இருப்பது பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியே போகும் இடம். அங்கிருந்து ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வில் போல வளைகின்றன. இரண்டு வில்லுக்கும் நடுவே கொஞ்சம் கருமையாக ஓர் இடம் இருக்கிறது அல்லவா, அதற்குப் பெயர் மாக்குலா. பில்லில் பொடி எழுத்தைப் படிப்பது, எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தச் சிறிய இடத்தின் வேலை.

மாக்குலாவுக்கு மேலே, ஊசிமுனையால் தொட்டு வைத்தது போல நான்கைந்து சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. கீழே ஒரு புள்ளி மட்டும் சற்றுப் பெரிது, அதன் ஓரம் கலங்கியிருக்கிறது. காதுப் பக்கமாக மூன்று மஞ்சள் பொட்டுகள். இவை உண்மையிலேயே கண்ணில் இருப்பவையா, கேமரா லென்ஸில் ஒட்டிய தூசியா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். முகாம்களில் தூசி அடிக்கடி ஏமாற்றும். ஆனால் தூசி என்றால், யார் கண்ணை எடுத்தாலும் எல்லாப் படத்திலும் ஒரே மூலையில் ஒரே புள்ளி வந்து நிற்கும். உங்கள் இடது கண் படத்தில் அந்த இடங்கள் சுத்தமாக இருக்கின்றன. ஆகவே இவை உங்கள் விழித்திரையில் இருப்பவைதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சிவப்புப் புள்ளிகள் என்ன என்று சொல்கிறேன். விழித்திரைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. அவற்றின் சுவரை வெளியிலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு சில செல்கள் இருக்கும். வருடக்கணக்கில் சர்க்கரை கூடுதலாக ஓடும்போது முதலில் சாகிறவற்றில் அவையும் சேர்த்தி. பிடிமானம் போன இடத்தில் குழாய் வெளியே உப்பும். பழைய சைக்கிள் ட்யூபில் காற்றடித்தால் நைந்த இடம் மட்டும் மொட்டு விட்டது போலப் புடைக்குமே, அது மாதிரி. கண்ணுக்குள் பார்க்கும் எங்களுக்குத் தெரிகிற முதல் அடையாளம் இந்த மொட்டுதான். சில மொட்டுகள் உடைந்து துளி ரத்தம் கசியும். ஓரம் கலங்கிய அந்தப் பெரிய புள்ளி அப்படி வந்தது. சில உடையாமலே ஒழுகிக்கொண்டிருக்கும். ஒழுகியதில் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும், அதில் கலந்திருந்த கொழுப்பு அங்கேயே தங்கிவிடும். ஓதம் ஏறிய சுவரில் ஈரம் காய்ந்த பிறகு உப்புப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று மஞ்சள் பொட்டுகளும் அதேதான். உப்புப் பூத்த சுவரைப் பார்த்தால் கொத்தனார், பக்கத்தில் எங்கோ குழாய் கசிகிறது என்பார். உங்கள் படத்தைப் பார்த்து நான் சொல்வதும் அதுதான்.

அப்படியானால் பார்வை ஏன் குறையவில்லை? பொட்டுகள் மாக்குலாவின் நடுவை இன்னும் தொடவில்லை. நடுவை எட்டும்வரை நீங்கள் ஒரு எழுத்தைக்கூடத் தவறவிட மாட்டீர்கள். விழித்திரைக்கு வலியும் தெரியாது. பல்லில் சொத்தை விழுந்தால் ராத்திரி தூங்கவிடாது. இங்கே எந்தக் குடைச்சலும் இருக்காது. கசிவைவிட மோசமானது அடைப்பு. நுண்குழாய்கள் அங்கங்கே அடைபட்டுப்போனால், பிராணவாயு கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை வளரச் செய்யும் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும். அப்படி முளைக்கிற குழாய்களுக்கு உரமே கிடையாது. அவை முளைப்பதும் படர்வதும்கூட உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் அவற்றில் ஒன்று உடையும்போதுதான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் வேலை, ஐம்பதைத் தாண்டிய வயது. காலையில் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது வலது கண்ணுக்குள் கறுப்பு கறுப்பாக நூல் இறங்கியதாம். கோலப்பொடி விழுந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைக் கழுவியிருக்கிறார். மத்தியானத்துக்குள் அந்தக் கண்ணில் புகை மூட்டம் போட்டதுபோல் ஆகிவிட்டது. கூட வந்த மகள் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு முகாமில் கொடுத்தது. உங்கள் சீட்டில் இருக்கிற அதே வரி அதிலும் இருந்தது. தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்களாம். மடிப்பில் கிழிந்து, ஓரத்தில் மஞ்சள் கறையோடு இருந்த அந்தச் சீட்டை நான் இன்னும் மறக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்தோம். வலது கண்ணில் வீட்டுக்குள் தடுமாறாமல் நடக்கிற அளவுக்குத்தான் பார்வை திரும்பியது. இடது கண்ணிலும் புதுக் குழாய்கள் முளைத்திருந்தன. அவை உடைவதற்குள் லேசர் வைக்க முடிந்தது. இன்றும் அந்த ஒரு கண்ணை வைத்துத்தான் ஜாக்கெட் தைக்கிறார்.

நீங்கள் அந்த நிலையில் இல்லை. படத்தில் தெரிகிறவரை உங்களுடையது ஆரம்பத்துக்கும் நடுநிலைக்கும் இடைப்பட்ட கட்டம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவர் மூன்று வருடம் தள்ளிப்போட்டதை நீங்கள் மூன்று வாரத்தில் செய்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது கம்ப்யூட்டர். அது சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வேலைக்கு நம்பலாம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் சரி. படத்தைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் முயற்சி பல வருடங்களாக நடந்தது. 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள் அதில் பெரிய திருப்பம். 1,28,000-க்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கண் மருத்துவர்கள் 54 பேர் தரம் பிரித்துக் கொடுக்க, அதை வைத்து அந்த மென்பொருள் பழகியது. அந்தப் படங்களில் ஒரு பகுதி நம் ஊர்க் கண்கள். அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் பெங்களூரு நாராயண நேத்ராலயாவிலும் எடுத்த படங்களும் அதில் இருந்தன. அமெரிக்காவில் 2018 ஏப்ரலில், கண் மருத்துவர் பக்கத்தில் இல்லாமலே முடிவு சொல்லும் வேறொரு கருவிக்கு அந்நாட்டு அரசு அமைப்பு முதன்முதலாக அனுமதி கொடுத்தது. ‘இவரை அனுப்ப வேண்டுமா, வேண்டாமா’ என்ற ஒரே கேள்விக்கு இந்த வகைக் கருவிகள் நன்றாகவே பதில் சொல்கின்றன. பெரும்பாலும் ஒன்றிரண்டு மொட்டுகள் மட்டும் இருந்தால் அனுப்பச் சொல்லாது, அடுத்த வருடம் வரச் சொல்லும். அதற்கு மேலே போனால்தான் ‘மருத்துவரைப் பார்க்கவும்’ என்று வரும்படி வைத்திருப்பார்கள். உங்கள் சீட்டை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். இப்படிப்பட்ட கேமரா ஒரு தடவையில் பிடிப்பது பெரும்பாலும் 45 டிகிரி அகலம்தான். விழித்திரையின் ஓரங்கள் அதில் வராது. படம் தட்டையானது. மாக்குலா நீர் கோத்து வீங்கியிருக்கிறதா என்பதைத் தட்டையான படத்தில் அளந்து சொல்ல முடியாது. மஞ்சள் பொட்டைப் பார்த்து, பக்கத்தில் வீக்கம் இருக்கலாம் என்று ஊகிக்கத்தான் முடியும். சில சமயம் நோய் இல்லாதவரையும் அனுப்பிவிடும். மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் உங்களுக்கு அரை நாள் நஷ்டம், அவ்வளவுதான். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சந்தேகத்தை நான் தள்ளிவிடவில்லை. தேவையில்லாத சோதனைக்கும் சிகிச்சைக்கும் பணம் கொடுத்து நொந்துபோனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணைப் படம் எடுத்துத் தேடுகிற இந்த முறையை ஆஸ்பத்திரிகள் ஆள் பிடிக்கக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் அரசாங்கமே 2003-ல் தொடங்கி, சர்க்கரை நோயாளிகளைக் கூப்பிட்டு வருடா வருடம் விழித்திரைப் படம் எடுத்தது. வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு அதற்கு முன் ஐம்பது வருடங்களாக முதல் காரணமாக இருந்தது சர்க்கரை நோய். 2009-10 கணக்கில் அது முதல் இடத்திலிருந்து இறங்கிவிட்டது. மருந்துகளும் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட்டதற்கும் அதில் பங்கு உண்டு, படம் எடுத்துத் தேடியதற்கும் முக்கியப் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். நம் நாட்டில் 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளை வீடு வீடாகப் போய்ச் சோதித்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் நூற்றுக்கு 12.5 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. நூற்றுக்கு நான்கு பேர் பார்வையைப் பறிக்கக்கூடிய கட்டத்தில் இருந்தார்கள். இந்த நான்கு பேரில் எத்தனை பேருக்கு ‘எனக்குப் பார்வை நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற நினைப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏமாறாமல் இருக்க வழி இருக்கிறது. சீட்டு கொடுத்த இடத்துக்கேதான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலிருந்தே தொடங்கலாம். அங்கே தேவைப்பட்டால் திருச்சிக்கோ கோவைக்கோ மதுரைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். எங்கே போனாலும் ‘என் கண்ணில் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, மாக்குலாவின் நடுவில் வீக்கம் இருக்கிறதா, படத்தில் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டுவார். உங்கள் படத்தில் தெரிகிற கட்டத்துக்கு லேசர் தேவைப்படாது. நடுவில் வீக்கம் இல்லையென்றால் கண்ணுக்குள் போடும் ஊசியும் தேவைப்படாது. இந்த நிலையில் ‘இன்றைக்கே செய்தாக வேண்டும்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், ஸ்கேன் படத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்கேன் தேவையா என்றால், உங்களுக்கு ஓசிடி என்கிற ஸ்கேன் ஒரு தடவை எடுப்பது நல்லது. மாக்குலாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் பொட்டு இருப்பதுதான் காரணம். 1991-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த முறை இது. முகவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் அடையாளத்தையே சில நொடிகள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, கண்ணைத் தொடுவதுகூட இல்லை. ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து விழித்திரையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தது போலப் படம் தரும். அடுக்கு இனிப்பை வெட்டினால் அடுக்கு தெரிவது போல ஒவ்வொரு படலமும் தனித்தனியாகத் தெரியும். மாக்குலாவின் நடுப்பகுதி சராசரியாகக் கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது கொஞ்சம் உப்பியிருந்தாலும், நடுவில் நீர்க்குமிழி மாதிரி கறுப்புப் பைகள் இருந்தாலும் ஓசிடியில் தப்பாது. உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே, ஏன், மருத்துவரின் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வீக்கத்தை அது காட்டிவிடும்.

ஆஞ்சியோகிராம் என்றதும் இதயத்தை நினைத்துப் பயந்துவிடாதீர்கள். கண்ணில் செய்வது வேறு. கை நரம்பில் மஞ்சள் சாயம் ஒன்றை ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படம் பிடிப்பார்கள். 1961 முதல் இருக்கும் முறை. சாயம் ஏறியதும் சிலருக்குக் குமட்டும், தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாக இருக்கும், அபூர்வமாக ஒவ்வாமையும் வரலாம். எங்கே அடைப்பு, எங்கே புதுக் குழாய் என்ற சந்தேகம் வரும்போது அது தேவைப்படும். உங்களுக்கு இப்போது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. சாயம் இல்லாமலே குழாய்களைக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோகிராபியும் வந்திருக்கிறது. படத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாத சர்க்கரை நோயாளிகளிடமும் நுண்குழாய் வலை குறைந்திருப்பதை அது காட்டுகிறது. ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. ஆனால் அது காட்டுவதை வைத்து உங்கள் சிகிச்சை இன்று எதுவும் மாறப்போவதில்லை. செலவு செய்து எடுக்க வேண்டாம்.

உங்கள் கண்ணுக்கு இப்போது உண்மையான மருந்து அந்த 8.4-ஐக் குறைப்பதுதான். பிரிட்டனில் புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேரை வைத்து இருபது வருடம் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. ஹெச்பிஏ1சி ஒரு முழு எண் குறைவாக (8.4-க்குப் பதில் 7.4 என்பது போல) இருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. அதே ஆய்வில், ரத்த அழுத்தத்தை இறுக்கமாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கு விழித்திரை நோய் முற்றுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நீங்கள் ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அளந்து பாருங்கள். சர்க்கரை மருத்துவரிடம் இந்தச் சீட்டைக் காட்டுங்கள், 7-ஐ ஒட்டிக் கொண்டுவருவது பற்றிப் பேசுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கவும் வேண்டாம். நீண்ட நாள் அதிகமாக இருந்த சர்க்கரை திடீரென்று வெகுவாகக் குறையும்போது விழித்திரை நோய் தற்காலிகமாகக் கூடுவது உண்டு. அதற்குப் பயந்து சர்க்கரையைக் குறைக்காமல் விட்டுவிடக் கூடாது. கண்ணைப் பார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறுகிற நாள் வந்தால், அதற்கு முன் ஒரு தடவை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். படித்தவர்களும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் கண்ணையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பவர் பார்ப்பது வேறு, விழித்திரை பார்ப்பது வேறு. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்துப் பவரும் மாறும். அதனால் புதுக் கண்ணாடி போடுவதாக இருந்தால் சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்த பிறகு போடுங்கள்.

இனி அம்மா.

‘படம் தெளிவில்லை’ என்றால் நோய் இல்லை என்று பொருள் இல்லை. உள்ளே பார்க்க முடியவில்லை என்றுதான் பொருள். பூட்டிய வீட்டின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று திரும்பி வந்திருக்கிறோம். பதினெட்டு வருடச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1980 வாக்கில் தொடங்கிய பெரிய ஆய்வில், இருபது வருடம் இந்த நோயோடு இருந்தவர்களில், அம்மாவைப் போலப் பெரியவயதில் சர்க்கரை வந்தவர்களிலேயே, 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் விழித்திரை பாதிப்பு இருந்தது. இப்போது சிகிச்சை மேம்பட்டிருக்கிறது, அந்த அளவு அப்படியே பொருந்தாது. ஆனாலும் உங்கள் இருவரில் நான் யாரை முதலில் பார்ப்பேன் என்று கேட்டால், யோசிக்காமல் அம்மாவைத்தான்.

படம் தெளியாததற்குக் காரணங்கள் பல. முகாமில் மருந்து ஊற்றாமல் எடுத்தார்கள். இருட்டறையில் கண் பாப்பா தானாக விரியும் என்ற நம்பிக்கையில் அப்படி எடுப்பது. உங்கள் வயதில் அது நடந்துவிடும். வயதானவர்களுக்கு, அதிலும் நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு, பாப்பா சரியாக விரியாது. முதல் கண்ணில் அடித்த ஃபிளாஷில் மற்றக் கண்ணின் பாப்பாவும் சுருங்கிக்கொள்ளும். சில நிமிடம் பொறுத்திருந்து எடுக்க வேண்டும், வெளியே வரிசை நிற்கும்போது பொறுக்க மாட்டார்கள். அடுத்த காரணம், இந்த வயதில் சாதாரணமாக வருகிற புரை. மூன்றாவதுதான் எனக்குக் கவலை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தாலும் படம் கலங்கித்தான் வரும். அதாவது, தெளிவில்லாத படத்துக்குக் காரணமே நாம் தேடிப் போன நோயாக இருக்கலாம். இது அம்மாவுக்கு மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. தாய்லாந்தில் பதினோரு கிளினிக்குகளில் இந்த மாதிரி மென்பொருளைக் கொண்டுபோய் வைத்தபோது, முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று அது திருப்பிவிட்டதாக 2020-ல் எழுதினார்கள். அப்படித் திருப்பப்பட்டவர்கள் எல்லோரும் மருத்துவரிடம் போயாக வேண்டியவர்கள். சீட்டில் அந்த வரியை இன்னும் தெளிவாக, ‘கண்டிப்பாக நேரில் காட்டவும்’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும். முகாம் நடத்தும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.

அம்மாவுக்குப் பாப்பா விரிக்கும் மருந்து ஊற்றி, மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸ் பிடித்து நேரில் பார்க்க வேண்டும். கேமரா தோற்ற பல கண்களில் இந்த முறையில் உள்ளே பார்த்துவிடலாம், ஓரம் வரைக்கும் தெரியும். புரை முற்றி அதுவும் முடியவில்லை என்றால், மூடிய இமையின் மேல் ஜெல் தடவி பி ஸ்கேன் எடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் மாதிரிதான், வலிக்காது. யாராவது ‘புரைதான், ஆபரேஷன் செய்துவிட்டால் சரியாகிவிடும்’ என்றால், விழித்திரையைப் பார்த்துவிட்டீர்களா என்று கேளுங்கள். மாக்குலாவில் வீக்கம் இருக்கும்போது கவனிக்காமல் புரையை எடுத்தால் வீக்கம் கூடலாம். பல பேருக்கு வீக்கத்துக்கு முதலில் வைத்தியம் செய்துவிட்டுப் புரைக்கு வருவோம். இன்னொன்று, கண்ணின் நுண்குழாய்கள் கெட்டிருந்தால் சிறுநீரகத்தில் இருப்பவையும் கெட்டிருக்க வாய்ப்புண்டு. அம்மாவுக்குச் சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? ஒரு வருடம் ஆகியிருந்தால் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அம்மாவிடம் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே புழங்குவதால் ஒரு கண் மங்கியது பல பெரியவர்களுக்குத் தெரிவதே இல்லை. ஒரு கண்ணில் தேதி தெரியவில்லை என்றாலோ, கறுப்பு நூலோ புகையோ மிதக்கிறது என்றாலோ மூன்று வாரம் காத்திருக்காமல் மறுநாளே கிளம்புங்கள். தேதி நன்றாகத் தெரிந்தாலும் போகத்தான் வேண்டும்.

போகிற நாளுக்குச் சில விஷயம். முகாம் சீட்டு, படம், கடைசி ரத்தப் பரிசோதனை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் விடாதீர்கள். ஓ.பி. வரிசையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து சர்க்கரை இறங்கி மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பையில் பிஸ்கட்டும் தண்ணீரும் இருக்கட்டும். சொட்டு மருந்து லேசாக எரியும். பாப்பா விரிய இருபது நிமிடம், அரை மணி ஆகும். அதன் பிறகு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கிட்டத்துப் பொருள் மங்கும், வெயில் கூசும். பைக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கூலிங் கிளாஸோ குடையோ இருந்தால் நல்லது. அன்றைக்கு மத்தியானம் கணக்கு எழுத முடியாது, அரை நாள் லீவு சொல்லிவிடுங்கள்.

இருவரும் ஒரே நாளில் போவதாக இருந்தால் உங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேருக்கும் மருந்து ஊற்றிவிட்டால் பஸ் நம்பர் பார்க்க ஆள் வேண்டும். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் முதல் நாள் ஓ.பி. சீட்டை அம்மா பெயரில் போடுங்கள். உங்களுடையதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.